எக்ஸோசோமே போடாத குழாயிலும் சிவப்பு

செல்கள் வெளியே விடும் நுண்ணிய பைகளான எக்ஸோசோம்களுக்குள், டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்தை ஏற்றிவிட்டேன் என்று மூன்று மாதம் லேபில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். இப்போதுதான் தரைக்கு வந்திருக்கிறேன். வலி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2014-ல் வந்த ஓர் ஆய்வில், புற்றுக்கட்டியைத் தேடி ஒட்டும் ஐஆர்ஜிடி என்ற பெப்டைடைப் பொருத்திய எக்ஸோசோம்களில் இதே மருந்தை ஏற்றி, எலிகளின் மார்பகப் புற்றுக்கட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நானும் இறங்கினேன்.

முதல் அடி சீரத்தில். செல் வளர்த்து, அது வளர்ந்த திரவமான மீடியாவைச் சேகரித்து, சென்ட்ரிஃபியூஜில் 300, 2,000, 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை) என்று படிப்படியாகச் சுற்றி, கடைசியில் 1,00,000 ஜி-யில் 70 நிமிடம். துகள் எண்ணிக்கை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பக்கத்து மேசை சீனியர் அக்காதான் கேட்டார்: "செல்லே போடாத மீடியாவை எண்ணிப் பார்த்தியா?" பார்த்தேன். அதிலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை! மீடியாவில் ஊட்டத்துக்குச் சேர்க்கும் கன்றுக்கரு சீரத்திலேயே மாட்டின் எக்ஸோசோம்கள் ஏராளம். எண்ணும் கருவிக்கு மாடும் மனிதரும் ஒன்றுதான். அப்புறம் சேகரிப்புக்கு முந்தைய இரண்டு நாள் சீரமே இல்லாத மீடியாவுக்கு மாறினேன். எண்ணிக்கை பரிதாபமாக விழுந்தது, ஆனால் வந்ததெல்லாம் என் செல்லுடையது.

சரி, மருந்து ஏற்றும் கதைக்கு வருகிறேன். எக்ஸோசோமையும் டாக்ஸோரூபிசினையும் பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக் கரைசலில் கலந்து, சவ்வில் துளை திறக்க எலக்ட்ரோபொரேஷனில் மின் அதிர்ச்சி கொடுத்து, மறுபடி 1,00,000 ஜி-யில் சுற்றினேன். குழாயைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ரத்தப் பொட்டு மாதிரி பளிச்சென்று ஒரு பெல்லட், அதாவது படிந்த வண்டல். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எக்ஸோசோம் பெல்லட் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எங்கே இருக்கிறது என்று குழாயின் வெளிப்புறம் மார்க்கரால் குறி போட்டுத்தான் தேடுவோம். நானோ போட்டோ எடுத்து ஸ்லைடில் போட்டுவிட்டேன்.

லேப் மீட்டிங்கில் கைடு ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மருந்தை மட்டும் தனியாச் சுற்றிப் பார்த்தீங்களா?"

"இல்லை மேடம்."

அன்று மாலையே சுற்றினேன். எக்ஸோசோம் ஒரு துளிகூட இல்லாத குழாயிலும் அதே சிவப்புப் பொட்டு. டாக்ஸோரூபிசின் பாஸ்பேட் பஃபரில் செறிவு கூடினால் தானே திரளும். அந்த வேகத்தில் சுற்றினால் அடியில் போய் உட்காராமல் என்ன செய்யும்? எலக்ட்ரோபொரேஷனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மின்முனையின் உலோக அயனிகளால் எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) திரண்டு, உள்ளே ஏறியது போலக் கணக்குக் காட்டும் என்று 2013-லேயே எழுதிவிட்டார்கள். நான்தான் படிக்கவில்லை.

மருந்துச் செறிவைக் குறைத்தேன், மின் அதிர்ச்சியை விட்டுவிட்டு வெறுமனே ஊறவைத்தேன், சுற்றிப் பிரிப்பதற்குப் பதில் துகள்களை அளவு வாரியாகப் பிரிக்கும் நெடுங்குழாயில் (column) ஊற்றினேன். பெரிய எக்ஸோசோம்கள் முதலில் இறங்கிவிடும், தனி மருந்து பின்னால் மெதுவாக வரும். சிவப்புப் பட்டை நெடுங்குழாயின் மேல்பாதியிலேயே தயங்கி நின்றது. முதலில் வந்த குழாய்களில் கண்ணுக்கு நிறமே இல்லை. வயிற்றைக் கலக்கியது.

அந்தக் குழாய்களில் 480 நானோமீட்டரில் ஒளி பாய்ச்சி, மருந்து திருப்பி உமிழும் ஒளியை 590-ல் படித்தேன். சின்னதாக, ஆனால் தெளிவாக ஒரு சிக்னல். இதுவும் முழுக்க உள்ளே இருக்கிற மருந்து என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் சவ்வின் மேல் ஒட்டியிருக்கலாம், அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆனால் மருந்து மட்டும் ஊற்றிய கன்ட்ரோலில் அதே குழாய்கள் சுத்தமாக இருந்தன. இந்த முறை அதைத்தான் முதலில் போட்டோ எடுத்தேன்.