ஏரியைச் சுற்றி

நவம்பர் 9

ஒரு சுற்று, 5 கிலோமீட்டர். 66 நிமிடம். மழைக்கு முன் வீடு வந்துவிட்டோம்.

நவம்பர் 12

வலிப்பு வந்த பதினொரு வயதிலிருந்து என்னை உட்காரத்தான் சொன்னார்கள். பி.டி. பீரியடில் மற்றவர்கள் ஓடுவார்கள், நான் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருப்பேன். இப்போது 34 வயதில் மதுரை டாக்டர் நடக்கச் சொல்கிறார். மூச்சு வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம். தண்ணீர்ப் பக்கம் தம்பி, ரோட்டுப் பக்கம் நான். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "பாடுக்கா" என்கிறான். படகுத்துறை வரை பாடிக்கொண்டே போனேன். வேகம் போதாது.

நவம்பர் 13

பாதையில் காட்டெருமை. திரும்பிவிட்டோம்.

நவம்பர் 15

ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தேன். மூளையில் இடது ஹிப்போகேம்பஸ் சுருங்கி வடுப்பட்டிருக்கிறது. கடல்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். புது நினைவுகள் பதிய அதுதான் வேண்டும்.

2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. முதியவர்கள் 120 பேர். பாதிப் பேர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தார்கள். மீதிப் பேர் கை காலை நீட்டி மடக்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுடையது சுருங்கியிருந்தது. அவர்கள் வலிப்புக்காரர்கள் இல்லை. தெரியும். ஆனாலும் 2 சதவீதம்.

நவம்பர் 18

மழை. நடக்கவில்லை. நாள் முழுக்க ஒரே யோசனை.

பிரேசிலில் வலிப்புள்ள எலிகளை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், வலிப்பு குறைந்தது. ஓடும் எலிகளுக்கு ஹிப்போகேம்பஸில் புது நரம்பணுக்கள் அதிகம் முளைக்கும். அதுவரை சந்தோஷமாகத்தான் படித்தேன். ஆனால் எலிக்குப் பெரிய வலிப்பு வந்த பிறகும் புது அணுக்கள் முளைக்கின்றன, அவற்றில் சில போகக்கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. என் தலைக்குள் எது நடக்கிறது? முளைப்பது நல்லதா, வழி தவறுவதா?

வளர்ந்த மனிதர்களுக்கு முளைக்கிறதா என்பதிலேயே சண்டை. 1998-ல் முளைக்கிறது என்றார்கள். 2018-ல் ஒரு குழு, சிறு வயதோடு அது நின்றுவிடுகிறது என்றது. அதே வருடம் இன்னொரு குழு, முதுமையிலும் முளைக்கிறது என்றது.

2018. இங்கே குறிஞ்சி பூத்த வருடம். சரிவு முழுக்க நீலம், நடுவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. அந்த நாள் எனக்கு இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

நவம்பர் 22

மணி 1.20. தூங்காமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 25

நாக்கு இன்னும் வலிக்கிறது.

23 விடியற்காலை. வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வந்தது, அதுவரைதான் தெரியும். தம்பி ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்த்திருக்கிறான். இரண்டு நிமிடம். ஐந்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று அவனுக்கு மனப்பாடம். அத்தை சாவிக்கொத்தைக் கையில் திணித்தாளாம். அத்தை, இரும்பால் எதுவும் நிற்காது, அது தானாகத்தான் நிற்கும். தலைக்கு அடியில் ஒரு துணி வையுங்கள், போதும்.

நடந்ததால்தான் வந்தது என்கிறாள் அம்மா. இல்லைம்மா, தூங்காததால். என் தப்பு.

நவம்பர் 26

வெந்தயத்துக்குப் பெயர் வரவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 29

அம்மா செருப்பை ஒளித்துவைத்திருந்தாள். அழுதேன். அவளும் அழுதாள். அப்புறம் அவளே எடுத்துக் கொடுத்தாள். அரைச் சுற்று.

டிசம்பர் 3

டாக்டரிடம் போனில் கேட்டேன். நடை மாத்திரைக்குப் பதில் ஆகாது, வடு பழையபடி சதையாகாது, ஆனாலும் நடங்கள் என்றார். தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லதாம். 2 சதவீதம் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

டிசம்பர் 6

58 நிமிடம். சரணத்தில் மூச்சு நின்றுவிட்டது. தம்பி கை தட்டினான்.

குறிஞ்சிப் படத்தை அவன்தான் எடுத்தானாம். அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்று கேட்டேன். "பசிக்குதுன்னே சொல்லிட்டு இருந்தேக்கா."

டிசம்பர் 8

மலைப்பாதையில் மண் சரிவாம். நாளை மதுரை போக முடியாது. மாத்திரை 12 இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு.