பிளாக்கை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்ததும், இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் கீமோவை நிறுத்தி வைத்தார். அடினோகார்சினோமா வகை, அம்மா புகை பிடித்தவரும் இல்லை, அதனால் மரபணு மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம், இருந்தால் மாத்திரையிலேயே சமாளிக்கலாம் என்றார். இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது.

பரிசோதனைக்கு வேண்டியது பயாப்சி எடுத்த மருத்துவமனையில் இருக்கும் பிளாக். மெழுகில் பதித்து வைத்த சதைத் துணுக்கு. அந்த மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். எழுத்தர் கணினியில் தேடிவிட்டு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார். மறுநாள் திரும்பிப் போனபோதுதான் விஷயம் புரிந்தது: நான் கொடுத்தது நோயாளி எண். நோயியல் துறைக்குத் தனியாக ஒரு பயாப்சி எண் உண்டு, அது அறிக்கையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதைக் காட்டினேன். சாயம் ஏற்றிய ஒரு கண்ணாடி ஸ்லைடை உறையில் போட்டுக் கொடுத்தார். பரிசோதனைக் கூடம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிளாக் வேண்டும், இல்லையென்றால் சாயம் ஏற்றாத ஸ்லைடுகள் வேண்டுமாம்.

மூன்றாவது முறை போனேன். "பிளாக்கை வெளியே தர மாட்டோம். நோயாளி நேரில் வரட்டும்" என்றார் அதே எழுத்தர். அம்மாவுக்கு நோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடு. நான் குரலை உயர்த்தப் போன நேரத்தில், உள்ளே இருந்து வந்த ஒரு டெக்னீஷியன், "அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம், அடையாள அட்டை நகல், டாக்டர் சீட்டு, இது மூணும் கொண்டு வாங்க சார், தந்துடலாம்" என்றார். முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். நான்காவது நடையில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தீப்பெட்டி அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் அரிசி மணி போலச் சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு. இதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது: "போதிய தரமுள்ள டிஎன்ஏ கிடைக்கவில்லை."

காரணத்தை நோயியல் மருத்துவர் தொலைபேசியில் விளக்கினார். பயாப்சியை எலும்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எலும்பை மெலிதாகச் சீவ முடியாது என்பதால், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்திருக்கிறார்கள். கடுமையான அமிலம் டிஎன்ஏவையும் துண்டு துண்டாக்கிவிடும். ஈடிடிஏ என்ற கரைசலில் ஊறவைத்தால் நாள் பிடிக்கும், ஆனால் டிஎன்ஏ பிழைக்கும். எலும்பில் பயாப்சி எடுக்கப் போகிறவர்கள், "மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம், அமிலம் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லி, வேண்டுகோள் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து ரத்தத்தில் பார்க்கலாம் என்றார்கள். கட்டியிலிருந்து சிதறும் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும், அதைப் பிடிப்பது. இதிலும் ஒரு கோளாறு. ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ தடவிய சாதாரணக் குழாயில் ரத்தம் எடுத்து, ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவு நேரத்தில் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ வெள்ளத்தில் கட்டியின் டிஎன்ஏ காணாமல் போய்விடுமாம். எலும்பில் டிஎன்ஏவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே ஈடிடிஏ! அணுக்கள் உடையாமல் காக்கும் தனிக் குழாயில் மறுபடி எடுத்தோம். ஒன்று கவனியுங்கள்: ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் மாற்றமே இல்லை என்று அர்த்தமில்லை.

காத்திருந்த நாட்களில் இன்னொரு தலைவலி. எதிர்ப்பு அணுக்களிடமிருந்து கட்டி தப்பிக்க உதவும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு அதிகம் என்று முதல் மருத்துவமனை அறிக்கை தந்திருந்தது. "அப்போ இம்யூனோதெரபி போட்டுட வேண்டியதுதானே, எதுக்குக் காத்திருக்கணும்?" என்று சித்தப்பா தினமும் போன் செய்வார். டாக்டர் அசையவில்லை. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் அந்த இம்யூனோதெரபி ஊசியால் பெரிய பலன் இருக்காது, அதைப் போட்டுவிட்டுப் பின்னால் அந்த மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரையைக் கொடுத்தால் நுரையீரலில் கடும் அழற்சி வரும் ஆபத்து கூடும் என்றார். அவர் அன்று பிடிவாதமாக இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் புரிந்தது.

முடிவு வந்தது: ஈஜிஎஃப்ஆர், எக்ஸான் 19 நீக்கம். அதாவது, ஈஜிஎஃப்ஆர் புரதத்துக்கான மரபணுவில் எக்ஸான் 19 என்ற பகுதியிலிருந்து ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. உயிரணுவின் மேலுறையில் 'வளரு' என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் புரதம்தான் ஈஜிஎஃப்ஆர். அதில் புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் சில விடுபட்டதால், செய்தி வராமலே அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. மாத்திரை அந்தப் புரதத்தின் குழிக்குள் போய் ஒட்டிக்கொண்டு அதை அணைக்கிறது. இவ்வகை மருந்து சிலருக்கு மட்டும் அதிசயமாகக் கேட்பது ஏன் என்பது, இந்த மாற்றங்களைக் கண்டறிந்த 2004இல்தான் விளங்கியதாம்.

ஈசிஜி எடுத்துவிட்டு 80 மில்லிகிராம் மாத்திரையைத் தொடங்கினோம், தினம் ஒன்று. மூன்றாவது வாரத்தில் இருமல் அடங்கிவிட்டது. நக ஓரங்களில் புண், அவ்வப்போது வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். எப்போதாவது கட்டி இந்த மாத்திரைக்கும் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அப்போது மறுபடி பயாப்சி வரும், மறுபடி பிளாக் வரும். எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதே எழுத்தர். நிமிர்ந்து பார்த்து, "வாங்கிட்டுப் போனதுக்கு ரசீது எங்கே?" என்றார். அவர் கொடுத்தால்தானே இருக்கும்.