பத்தாவது ஆள்

என் மாமனார் போன வருடம் பிப்ரவரியில் இறந்துபோனார். யூதர், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸில் வீடு. நான் மதுரைக்காரி, அவர் மகனைக் கட்டிக்கொண்டு பதினாலு வருடம் ஆகிறது, மதம் மாறவில்லை. ஹனுக்கா, பெசாக் பண்டிகைகள் எனக்குப் பழகிவிட்டன, பெசாக் எட்டு நாளும் அந்த வீட்டில் அரிசி, பருப்பு கிடையாது என்பதால் இட்லி மாவை என் வீட்டு ஃப்ரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுமளவுக்குப் பழகிவிட்டன. ஆனால் யூத வீட்டில் சாவு எப்படி நடக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என்னைப் போல இதில் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செவ்வாய் இரவு உயிர் போனது. நம் ஊர் மாதிரியே அவர்களுக்கும் உடனே எடுத்துவிட வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் முழுக்க இழுத்தடித்தார்கள், கடைசியில் வியாழக்கிழமைதான் அடக்கம். அதுவரை உடலைத் தனியாக விடுவதில்லை, பக்கத்தில் யாராவது உட்கார்ந்து வேதத்தின் சங்கீதப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். குளிப்பாட்டி, பாக்கெட்டே இல்லாத வெள்ளைத் துணி உடுத்துவதையும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்வதில்லை, செவ்ரா கடிஷா என்று ஊரில் ஒரு தொண்டர் குழு இருக்கிறது, ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். மாமா அந்தக் குழுவில் முப்பது வருடம் இருந்தவர். ராத்திரி போன் வரும், கார் டிக்கியில் கிடக்கும் ரப்பர் பூட்ஸைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மறுநாள் காலையில் முட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருப்பார், யாருக்காகப் போனார் என்று ஒரு வார்த்தை வராது. ஒரு தடவை கேட்டேன். "வாங்கினவர் திருப்பிச் செய்ய முடியாத உதவிம்மா, அதைப் போய் என்ன பேசுவது" என்றார். இப்போது அவரைக் குளிப்பாட்டியது அவரோடு முப்பது வருடம் போன அதே ஆட்கள்.

அவருடைய அப்பாவின் போலந்து ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து ஃப்ளஷிங் மவுண்ட் ஹீப்ரன் கல்லறையில் வாங்கிப்போட்ட இடத்தில்தான் அடக்கம். மண்ணை நாமே தள்ள வேண்டும். முதல் தடவை மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால் அள்ளுகிறார்கள், இந்த வேலையில் அவசரம் இல்லை என்று காட்ட. முடித்தவர் அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது, மண்ணில் குத்தி வைத்துவிட்டு நகர வேண்டும். நானும் எடுத்தேன். பிப்ரவரி மண் கட்டிகட்டியாகப் பலகைப் பெட்டியின் மேல் விழும் சத்தம் இருக்கிறதே, அதற்கு என்னை யாரும் தயார்படுத்தவில்லை. திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் செம்பு மாதிரி ஒரு பாத்திரத்தில் தண்ணீர், கை கழுவிவிட்டுத்தான் உள்ளே. அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது, அம்மா வாசலில் சொம்போடு நிற்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் ஏழு நாள் ஷிவா, வீட்டிலேயே உட்கார்ந்து துக்கம் காப்பது. கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டார்கள். துக்கக்காரர்கள் தாழ்வான முக்காலியில் உட்கார, என் கணவர் சட்டையின் இடது பக்கம் துக்கத்துக்கு அடையாளமாகக் கிழித்தபடியே இருந்தது. இறந்தது பெற்றவர் என்றால் இடது, மற்றவர் என்றால் வலது, அதனால் அத்தைக்கு வலது பக்கம். வருகிறவர்கள் அவர்களாகப் பேச்சை எடுக்கக் கூடாது, துக்கக்காரர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சாப்பாடு ஊரே கொண்டுவரும். முதல் சாப்பாட்டில் அவித்த முட்டையும் பருப்பும் உண்டு, பருப்புக்கு வாய் கிடையாது, துக்கப்படுகிறவருக்கும் பேச்சு கிடையாது என்பது கணக்கு. சரி, பருப்பு என் இலாகா என்று அத்தையின் அடுப்பில் நானே வைத்தேன்.

உண்மையான சிக்கல் வேறு. காதிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்கக் கடவுள் துதிதான், ஆனாலும் பத்துப் பேர் இல்லாமல் வாயே திறக்க முடியாது. இவர்கள் யூதர்களில் கன்சர்வேடிவ் என்ற பிரிவு, 1973-லேயே பெண்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று அனுமதித்தவர்கள். அத்தை, என் கணவர், நாத்தனார் என வீட்டிலேயே மூன்று. மிச்சம் ஏழு. நான் யூதர் இல்லை, கணக்கில் வரமாட்டேன். சாயங்காலம் கூட்டம் நிரம்பி வழியும். காலை ஏழு மணிக்கு, பனி கொட்டுகிற நேரத்தில், யார் வருவார்?

வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பேர்தான் இருந்தார்கள். என் கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து போய் மாமாவின் மேஜையிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஷூலில், அதாவது யூதர்களின் கோவிலில், காலைத் தொழுகைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்ததும் மாமாதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பெயர், நம்பர், பக்கத்தில் அவர் கோழிக்கிறுக்கல்: "ஆறரைக்கு முன்னால் கூப்பிடாதே, மனைவி திட்டுவாள்." "வருவார், ஆனால் கார் இல்லை." "இடுப்பு வலி, பனி இருந்தால் கேட்காதே." "சும்மாவாவது கூப்பிடு, தனியாக இருக்கிறார்." இப்படி நாலு பக்கம்.

கணக்கில் வராதவள் போனை எடுத்தேன். ஏழே காலுக்கு ஒன்பதாவது ஆள். பத்தாவது ஆளைக் கார் வைத்து நானே போய்க் கூட்டிவந்தேன், கோட்டுக்கு உள்ளே பைஜாமாவோடு ஏறினார்.

அன்று சாயங்காலம் சப்பாத் என்ற வாராந்திர ஓய்வுநாள் தொடக்கம், வெளிப்படையான துக்கத்துக்கு விடுமுறை. வெள்ளி இரவுகளில் மாமா பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். பெண் பிள்ளைக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் மாதிரி இரு என்று. கல்யாணமான முதல் வாரமே என் தலையிலும் வைத்தார், யாரையும் கேட்கவில்லை. அந்த வெள்ளி யார் வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றோம். பிறகு என் கணவர் எங்கள் மகளின் தலையில் கை வைத்தார், பாதியில் நின்றுபோனது, மிச்சத்தை அத்தை சொன்னாள்.

புதன் காலை ஷிவா முடிந்து எல்லோரும் தெருவை ஒரு சுற்று நடந்து வந்தோம். பெற்றவருக்குப் பதினோரு மாதம் காதிஷ். செத்த பிறகு பன்னிரண்டு மாத விசாரணை பாவிகளுக்குத்தானாம், அப்பாவைப் பாவி என்று மகனே சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு மாதம் குறைவு. ஜனவரியில் அதுவும் முடிந்தது. நோட்டு மட்டும் என்னிடமே இருக்கிறது. "சும்மாவாவது கூப்பிடு" பெரியவரை இன்று காலை கூப்பிட்டேன், நான் ஹலோ சொல்வதற்கு முன்பே கேட்டார், "இன்னைக்கு எத்தனை குறையுது?"