கச்சான் காற்றும் கமெரா ஸ்டெபிலைசரும்

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் மோட்டரால் கமெராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாங்கியதும், அதே வேலையை மோட்டர் இல்லாமல் செய்யும் தன் பழைய ஸ்டெபிலைசரை எனக்குத் தந்துவிட்டார். ஒரு கைப்பிடி, எப்பக்கமும் திரும்பும் மூட்டு, தண்டு, மேலே கமெராத் தட்டு, அடியில் எடைத்தட்டுகள், அவ்வளவுதான். சார்ஜ் போடும் வேலை இல்லை. ஆனால் பேலன்ஸ் சரியில்லை என்றால் வெறுங்கையால் எடுப்பதைவிட மோசமாக ஆடும்.

சினிமாவில் நடந்துகொண்டே ஆடாமல் படம் எடுக்க 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேமின் தத்துவம்தான் இதிலும். மொத்தப் பாரத்தின் ஈர்ப்பு மையம் மூட்டுக்குச் சற்றே கீழே வரவேண்டும். அந்தச் சற்றேயைப் பிடிப்பதில்தான் நேரம் போகிறது.

பற்றரி, கார்ட், மைக் எல்லாம் போட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றி, திரையைப் படம் எடுக்கும்போது விரிப்பது போலவே விரித்து வைத்த பிறகுதான் தொடங்கினேன். சூம் செய்தால் லென்ஸ் நீண்டு பாரம் முன்னுக்குப் போய்விடும், எனவே 18 மில்லிமீற்றரிலேயே விட்டேன். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும், அந்தக் காற்றுக்கே தண்டு அசைகிறது.

கைப்பிடியை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். முதலில் இடம் வலம், அப்புறம் முன் பின். திருகாணியை ஒரு நூல் அளவு திருப்பினாலே கமெரா முகம் குப்புறச் சாய்கிறது. திருப்பியதும் கையை எடுத்து, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் எந்தப் பக்கம் பாரம் என்பதே தெரியாது.

அடுத்தது விழும் நேரம். தண்டைக் கிடையாகப் பிடித்து விட்டால், நிமிர்ந்து வர இரண்டு மூன்று விநாடி எடுக்க வேண்டும். சட்டென்று விழுந்தால் அடிப்பாரம் அதிகம், நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஊஞ்சலாடும். விழவே மனமில்லாமல் நின்றால் மேற்பாரம். எனக்கு முதலில் சட்டென்றுதான் விழுந்தது. ஒரு தட்டைக் கழற்றி, தண்டின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்ததும் சரிவந்தது.

வீட்டுக்குள் வந்த பேலன்ஸ் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் நிற்கவில்லை. வாவிக்கு மேலாக வரும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று கமெராவைத் தன்பாட்டுக்குத் திருப்பியது. அங்கேயே எடைத்தட்டுகளை நடுவிலிருந்து எடுத்து, அடிச்சட்டத்தின் இரு முனைகளுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டேன். பாரம் அதேதான், ஆனால் தண்டு சுழல்வது மெதுவாகிவிட்டது. காற்றைப் பிடிக்கும் லென்ஸ் ஹூட்டையும் கழற்றினேன். அதனால் முன் பின் பேலன்ஸை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. முதுகைக் காற்றுக்குக் காட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, மற்றக் கையின் இரண்டு விரல்களால் தண்டை மூட்டுக்குக் கீழே தொட்டும் தொடாமலும் வைத்து நடந்தேன். பாலத்தின் இரும்புச் சட்டங்கள் திரையில் அப்படியே வழுக்கிக்கொண்டு போயின. அவ்வளவு சந்தோஷம்!

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழாவை இதில் எடுக்கப் போகிறேன். அதுவும் கச்சான் காலம்தான். லென்ஸ் மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அந்தச் சனத்துக்குள் அது நடக்காது. ஒரே லென்ஸோடு போவேன். கமெராத் தட்டு நிற்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பையில் இரண்டு எடைத்தட்டு கூடுதலாக இருக்கும்.