கேஸ்ட்ரிக் பைபாஸுக்குப் பிறகு கர்ப்பம்: டர்பனில் நான் சமாளித்த விதம்

எனக்குக் கேஸ்ட்ரிக் பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலை மாற்றித் தைக்கும் எடைக் குறைப்பு ஆபரேஷன், நடந்தது 2022 நடுவில், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில்தான். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். வீட்டுக்காரர் குடும்பம் நாலைந்து தலைமுறையாக இந்த ஊர், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது, பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை வேறு, மாதவிலக்கு வந்தால் வந்தது இல்லையென்றால் இல்லை, குழந்தைக்காகப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி எடையில்தான் வந்து நின்றார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் எடை இறங்க இறங்க மாதவிலக்கு தானாகவே ஒழுங்காகிவிட்டது. சந்தோஷமான விஷயம்தான், ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எடை மளமளவென்று இறங்கும் காலத்தில் உடம்பில் சத்து இருப்பு குறைந்துகொண்டே போகும், அந்த நேரத்தில் கரு தங்கினால் தாய்க்கும் நல்லதில்லை பிள்ளைக்கும் நல்லதில்லை. அதனால் 12 முதல் 18 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். பொறுப்பது என்றால் வெறுமனே நினைத்துக்கொண்டால் போதாது, கருத்தடை வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு வாயால் விழுங்கும் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது, எனக்கு லூப், அதாவது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், வைத்தார்கள். வருடக்கணக்காகப் பிள்ளை இல்லை என்று ஏங்கியவள் லூப் வைத்துக்கொண்டதைக் கேட்டு ஊரில் அம்மா போனிலேயே அழுதாள். அதை விளக்க எனக்குப் பொறுமை இல்லை, வீட்டுக்காரர்தான் பேசிச் சமாதானப்படுத்தினார்.

லூப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால் ஏமாந்துவிடாதீர்கள். ஃபெர்ரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, வைட்டமின் ஏ, கால்சியம், துத்தநாகம் எல்லாம் கேட்டு வாங்க வேண்டும், கர்ப்பமான பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் கரு தங்குவதற்கு முன்பே தொடங்கணும். சாதாரணமாக 400 மைக்ரோகிராம், பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 30-க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ 5 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். ஆனால் பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட்டை மட்டும் அள்ளிப் போட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். எனக்கு பி12 மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகவே போனது.

2024 ஜனவரி கடைசியில், தைப்பூசக் காவடி முடிந்த கொஞ்ச நாளில், கரு தங்கியது தெரிந்தது.

மாத்திரைக் கணக்குதான் முதலில் தலையைச் சுற்ற வைத்தது. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று உறிஞ்சவிடாமல் தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் ஒரு நாளைக்கு 1200-லிருந்து 1500 மில்லிகிராம், ஆனால் ஒரே தடவையில் 500-க்கு மேல் போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஆக மூன்று வேளை. அதிலும் கால்சியம் சிட்ரேட்தான், ஏனென்றால் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், பைபாஸ் செய்த சின்னப் பையில் அது குறைவு. முதலில் பார்த்த ஒரு டாக்டர் இரும்பு, கால்சியம் இரண்டையும் சேர்த்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லி எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடைப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்கள் பைபாஸ் என்று அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டாள். சொல்லியிருந்தேன், அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அன்றைக்கு டயட்டீஷியனிடம் உட்கார்ந்து எழுதிய அட்டவணைதான் கடைசி வரை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்தது: காலையில் எழுந்ததும் இரும்பு, ஒரு ஆரஞ்சோடு, நடுக்காலை, மதியம், ராத்திரி கால்சியம், மல்டிவைட்டமின் மதியச் சாப்பாட்டோடு.

டீயை மட்டும் என்னால் விட முடியவில்லை. டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த நாட்டில் ரூய்போஸ் என்கிற மூலிகை டீ இருப்பது என் அதிர்ஷ்டம், அதில் காஃபின் கிடையாது, டானினும் குறைவு. இரும்பு மாத்திரை நேரத்தைச் சுற்றி ரூய்போஸ், சாயந்திரம் மட்டும் ஒரு நிஜ டீ. அப்படியும் ஃபெர்ரிட்டின் ஏறாமல் மூன்றாவது மாதம் தாண்டியதும் ட்ரிப்ஸ் மூலம் இரும்பு ஏற்றினார்கள், அதற்கு அப்புறம்தான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல் இருந்தது.

ரத்தம் குறைவு என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது கோழி ஈரல். இங்கே ஈரல் கறி எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவத்தில் மிக அதிகம், அது மிஞ்சினால் கருவுக்கு ஊறு. அதற்காக வைட்டமின் ஏ-யே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது, பைபாஸ் செய்தவர்களுக்கு அது குறைவதும் சகஜம். அதனால் மாத்திரையில் பீட்டா கரோட்டின் வடிவம், சாப்பாட்டில் பூசணி, கேரட், கொல்லையில் இருக்கிற முருங்கைக்கீரை. ஆயாவுக்கு, அதாவது வீட்டுக்காரரின் பாட்டிக்கு, ஈரலை மறுத்தது பிடிக்கவில்லை. முருங்கைக்கீரை என்றதும் சரி என்றுவிட்டார்.

மசக்கை பொதுவாக எல்லோருக்கும் உள்ளதுதான். பைபாஸ் செய்தவளுக்கு வாந்தி என்றால் மட்டும் அதை மசக்கைதானே என்று விடக் கூடாது. இரண்டு மூன்று நாள் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்தாலே தயாமின், அதாவது வைட்டமின் பி1, தீர்ந்துபோகும் அபாயம் உண்டு. அந்த நிலையில் குளுகோஸ் ட்ரிப்ஸை முதலில் ஏற்றினால் மிச்சமிருக்கிற தயாமினையும் அது தின்றுவிடும், மூளை பாதிக்கப்படலாம். தயாமின் முதலில், குளுகோஸ் அப்புறம். எனக்கு ஒன்பதாவது வாரத்தில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதாகிவிட்டது, அங்கே குளுகோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பையில் சர்ஜனின் கடிதம் இருந்தது. என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எதைக் கொடுக்கக் கூடாது, சர்ஜன் நம்பர், எல்லாம் ஒரே பக்கத்தில். பேசத் தெம்பில்லாதவள் காகிதத்தை நீட்டினேன், பாட்டில் இறங்கியது, தயாமின் ஏறியது. நீங்களும் அப்படி ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

சாப்பாடு. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடும்மா" என்று எல்லோரும் சொல்வார்கள், இங்கே நமக்கு ஒரு உசுருக்கே இடமில்லை. ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம், அதுவும் மெதுவாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை. தண்ணீர் சாப்பாட்டோடு கிடையாது, அரை மணி நேரம் தள்ளித்தான். கணக்கு எளிது: புரதம் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், தட்டில் முதலில் அதைச் சாப்பிடு, இடம் மிச்சமிருந்தால் காய், அதற்கும் மேல் இருந்தால்தான் சோறோ ரொட்டியோ. நெல்லைக்காரிக்குச் சோறு கடைசி என்றால் எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள்.

என்னைக் காப்பாற்றியது டின் ஃபிஷ் கறி. தக்காளியும் பச்சை மிளகாயும் போட்டு இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் வைப்பார்கள், விலையும் கையைக் கடிக்காது. டின்னில் இருக்கிற பில்சர்ட் (மத்தி வகை) மீனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் புரதம், மெத்தென்ற முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம், பாதரசமும் குறைவு. சுறா, வாள்மீன் மாதிரிப் பெரிய மீன்களைத்தான் கர்ப்பத்தில் ஒதுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் கடற்கரைப் பக்கம் மத்தி கூட்டம் வரும்போது மாமனார் பக்கெட்டோடு போய் வாங்கி வந்தார், குழம்பும் வறுவலுமாக அந்த வாரங்களில் புரதக் கவலையே இல்லை. அடுத்தது அமாசி. ஜூலு மக்களின் புளித்த பால், நம் தயிருக்குத் தம்பி, பால் ஒத்துக்கொள்ளாத என் வயிறு இதை ஏற்றுக்கொண்டது. கடையில் விற்கும் பாஸ்டரைஸ் செய்த அமாசி மட்டும்தான் வாங்கினேன். போலனி என்கிற பதப்படுத்திய இறைச்சி பக்கம் போகவில்லை. 2017-18-ல் போலனியால் இங்கே லிஸ்டீரியா பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் அதில் நிறைய. கர்ப்பிணிகள் அந்தக் கிருமியிடம் சுலபமாக மாட்டிக்கொள்வார்கள்.

24-லிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரை பார்ப்பார்கள், 75 கிராம் குளுகோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் நேராகக் குடலில் போய் விழும், டம்பிங் வரும்: படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, அப்புறம் சர்க்கரை சரேலென்று கீழே இறங்கிவிடும். முடிவும் நம்பகமாக இருக்காது. நான் போன கிளினிக்கில் நர்ஸம்மா டம்ளரைக் கையில் கொடுத்தே விட்டார், "எல்லாக் கர்ப்பிணியும் குடிக்கணும்மா, இது ரூல்" என்றார். சண்டை போடவில்லை, குடிக்கவும் இல்லை, டாக்டர் வரும் வரை டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்திப் பார்ப்பதுதான் முறை: இங்கத்து mmol/L கணக்கில் வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே. நம் ஊர் மீட்டரில் (mg/dL) இது 95, 140. எனக்கு சர்க்கரை ஏறவில்லை, ஆனால் வெறும் ரொட்டி மட்டும் தின்ற ஒருநாள் ஒரு மணி நேரத்தில் எகிறி, இரண்டாவது மணியில் 3.4-க்கு விழுந்து கை நடுங்கியது. அன்றிலிருந்து ரொட்டி என்றால் கூடவே ஷுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரிப் பயறு) கறி. வளைகாப்புக்கு வந்த சோஜியை நாக்கில் வைத்ததோடு சரி.

ஏழாவது மாதம் தாண்டி ஒரு ராத்திரி மேல்வயிற்றில் பிடித்து இழுக்கிற வலி. பைபாஸில் குடலை மாற்றித் தைத்த இடத்தில் இடைவெளி இருக்கும், கருப்பை வளர்ந்து குடலை மேலே தள்ளும்போது அதற்குள் குடல் போய் மாட்டிக்கொள்ளலாம், உள் குடலிறக்கம் என்பார்கள். ரத்த ஓட்டம் நின்றால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. பிரசவ டாக்டர் மட்டும் பார்த்து "பிரசவ வலி இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது, இந்த ஆபரேஷன் தெரிந்த சர்ஜன் பார்க்க வேண்டும். என்னை சர்ஜன் வந்து பார்த்தார், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், குடல் நன்றாகத்தான் இருந்தது, இரும்பு மாத்திரையால் வந்த மலச்சிக்கல் என்றார்கள். வெட்கமாக இருந்தது என்று மற்றவர்களிடம் சொல்வேன், உண்மையில் இல்லை. திரும்ப வலித்தாலும் போவேன்.

கடைசி மாதம் புரட்டாசியில் விழுந்தது. இங்கே புரட்டாசி என்றால் சாதாரண விரதம் இல்லை, வீட்டில் மீன், முட்டை வாசனையே இருக்காது. அத்தை, மாமனாரின் கறிச் சட்டிகளைக் கூடத் தனியாகக் கட்டி வைத்துவிடுவார். டயட்டீஷியன் முட்டையாவது சாப்பிடச் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. பனீர், சோயா உருண்டை, பருப்பு, ஷுகர் பீன்ஸ், அமாசி, கூடப் புரதப் பவுடர் என்று 60 கிராமை எட்டிப் பிடித்தேன், சில நாள் எட்டவில்லை. வயிற்றில் பிள்ளை கொஞ்சம் சின்னது என்று ஏற்கெனவே ஸ்கேனில் தெரிந்திருந்ததால் அத்தையே ஒருநாள், "சாமி கோவிச்சுக்காது, நீ முட்டை தின்னு, நான் வேற அடுப்புல அவிச்சுத் தர்றேன்" என்றார். தின்றேன்.

பைபாஸ் தாய்மாரின் பிள்ளைகள் எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுதல், அதனால் 28 வாரத்திலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் எடுத்தார்கள். அதே சமயம் கர்ப்பகால சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, அளவுக்கு மீறிப் பெரிய பிள்ளை என்ற பயமெல்லாம் பழைய எடையில் இருந்ததைவிடக் குறைகிறது. எனக்கு அது லாபம்தான். அக்டோபரில் பெண் குழந்தை, சுகப்பிரசவம், 2.6 கிலோ. பைபாஸ் செய்தால் சிசேரியன்தான் என்பது வெறும் பேச்சு.

பிரசவ வார்டில் வலிக்கு வழக்கமாக டைக்ளோஃபெனாக் கொடுப்பார்கள், பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் குடல் இணைப்பில் புண் உண்டாக்கும், மறுபடியும் கடிதம், பாராசிட்டமால். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பி12 உங்களுக்குக் குறைந்தால் பாலிலும் குறையும், பிள்ளைக்கும் குறையும், ஆகவே பிரசவம் முடிந்ததும் மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லூப் திரும்பவும் வைத்தாயிற்று, அம்மா இந்தத் தடவை அழவில்லை.

ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை: குடலை மாற்றித் தைக்காததால் நான் சொன்ன உள் குடலிறக்கப் பயம் உங்களுக்கு இல்லை, நெஞ்செரிச்சல்தான் அதிகமாகப் படுத்தும். வைட்டமின், புரதம், ரத்தப் பரிசோதனை எல்லாம் உங்களுக்கும் உண்டு, குளுகோஸ் தண்ணீர் குடிக்கலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரைப்பையைச் சுற்றிப் பேண்ட் (வளையம்) போட்டவர்கள் வாந்தி நிற்கவில்லை என்றால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேளுங்கள், தளர்த்துவார்கள்.