படுக்கையை விரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போங்கள், பார்ப்போம்

ஒருவழியாகப் பச்சை ஸ்டிக்கர் எங்கள் வேனின் முன்கண்ணாடியில் ஏறிவிட்டது. நியூசிலாந்தில் பழைய கேம்பர்வேன் வாங்கி ஊர் சுற்ற நினைப்பவர்கள், பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் பின்னணி. தண்ணீர், கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிதான் தன்னிறைவு வாகனம். அதற்கான சான்றுதான் இந்த ஸ்டிக்கர். முன்பு அது நீல நிறம். அதை வாங்க, கழிப்பறையைப் பொறுத்தவரை, தூக்கி எடுத்துப் போகக்கூடிய சின்னது ஒன்று வண்டியில் இருந்தாலே போதும். 2023 ஜூனில் வந்த சட்டத்தின்படி கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆய்வில் தேறினால் பச்சை. அது இல்லாவிட்டால், தன்னிறைவு வாகனங்களுக்கு மட்டும் என்று நகராட்சி பலகை நட்டிருக்கும் இடங்களில் இரவு தங்க முடியாது. காசு கட்டித் தங்கும் முகாம்களுக்கோ, மற்ற வண்டிகளையும் விடும் இடங்களுக்கோதான் போக வேண்டும்.

நாங்கள் வாங்கியது டீசலில் ஓடும் டொயோட்டா ஹையேஸ் வேன். நீல ஸ்டிக்கர் முடியப் போகிறது, ஆனால் கழிப்பறையைப் பொருத்தியாகிவிட்டது, பச்சை வாங்குவது வெறும் சம்பிரதாயம் என்றார் விற்றவர். பொருத்தித்தான் இருந்தார். எங்கே என்பதில்தான் சூட்சுமம்.

ஆய்வாளர் வந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், குப்பைக் கூடைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "படுக்கையை விரியுங்கள்" என்றார். பலகைகளை இழுத்து, மெத்தையைப் போட்டு, தலையணைகூட வைத்தார் என் கணவர். "இப்போது கழிப்பறைக்குப் போங்கள், பார்ப்போம்." கழிப்பறை மெத்தைக்கு அடியில் இருந்தது. நள்ளிரவில் ஒருவருக்கு அவசரம் என்றால் மற்றவர் எழுந்து, மெத்தையைச் சுருட்டி, பலகைகளைக் கழற்ற வேண்டும். படுக்கை விரித்திருக்கும்போதும் தலை இடிக்காமல், முழங்கை முட்டாமல் உட்கார இடம் வேண்டும் என்பது விதி. விதி நியாயமானதுதான், நானே அந்த வண்டியில் படுத்துப் பார்த்திருக்கிறேனே. ஆனால் இதை அவர் அலுவலகம் விண்ணப்பத்தோடு அனுப்பிய பட்டியலில் ஒரு வரி எழுதியிருந்தால், ஆய்வுக் கட்டணத்தை இரண்டாவது முறை கட்டியிருக்க வேண்டாம். தொலைபேசியில் கேட்டபோது, "விதிமுறைகள் இணையத்தில் இருக்கின்றன, மேடம்" என்று பதில் வந்தது.

அதோடு நிற்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், வாடை உள்ளே ஏறாதபடி தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் நேர்க்குழாய். வளைகுழாய் மாட்டுவது சுலபம், மலிவும்கூட. நம் சமையலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கடுகும் கறிவேப்பிலையும் அந்த வளைவில் போய்க் குடியேறிவிடும். தொட்டி வாயில் சல்லடை வையுங்கள். ரசம், மோர் மிச்சத்தைக் குழாயில் ஊற்றாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் ஊறிய மோரின் மணத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

எத்தனை பேருக்குச் சான்றிதழ் கேட்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர், மூன்று நாளைக்குத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. பழைய ஸ்டிக்கரில் நான்கு பேர் என்று இருந்தது. அதற்கு 48 லிட்டர் தேவை. எங்கள் தொட்டி 40 லிட்டர்தான். தவிர, நான்காவது ஆள் எங்கே படுப்பார் என்பது விற்றவருக்கே வெளிச்சம். இருவருக்கு என்று மாற்றிக் கேட்டோம், அந்தத் தடை அதோடு நீங்கியது.

தச்சர் ஒருவர் படுக்கையை ஓரடி குறுக்கி, கழிப்பறையைப் பின்கதவு ஓரத்துக்குத் தள்ளினார். என் கணவர் இப்போது மூலைவிட்டமாகப் படுக்கிறார், குறை சொல்வதில்லை. மறு ஆய்வு சீக்கிரமே முடிந்தது. இந்தச் சான்றிதழ் முறையை மேற்பார்வையிடும் ஒழுங்குமுறை வாரியத்துக்கான தீர்வை 120 டாலர் தனி. ஆய்வாளரின் கட்டணத்துக்குள் அது அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பச்சை ஸ்டிக்கர் அட்டை தபாலில் வந்தது. சந்தோஷப்பட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தன்னிறைவு வாகனங்களின் தேசியப் பதிவேட்டில் எங்கள் வண்டி எண்ணைத் தட்டினேன். அப்படி ஒரு வண்டியே இல்லை! தட்டச்சு செய்த புண்ணியவான் 'ஐ' என்ற எழுத்துக்குப் பதிலாக ஒன்று என்ற எண்ணைப் போட்டிருக்கிறார். திருத்தச் சொன்னால், அட்டையில் சரியாகத்தானே இருக்கிறது என்று வாதம். இரவில் வந்து சோதிக்கும் அதிகாரி பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அட்டையைக் காட்டி நான் கதையா சொல்ல முடியும்? பதிவுச் சான்று, அட்டை, பதிவேட்டுப் பக்கம் மூன்றையும் படம் பிடித்து, பிழைக்குச் சிவப்பு வட்டம் போட்டு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள். அட்டை வந்ததும் முதல் வேலையாகப் பதிவேட்டைப் பாருங்கள். சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் உள்ளமைப்பை மாற்றினால் மறுபடியும் ஆய்வு என்பதால், தச்சு வேலை எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

டீசல் வண்டி வாங்குபவர்களுக்கு இன்னொன்று. இங்கே டீசலுக்குச் சாலை வரி, எரிபொருள் பங்கில் கொடுக்கும் விலையில் சேர்ந்திருக்காது. ஓடும் தூரத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். சின்ன வண்டிகளுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். எதுவரை கட்டியிருக்கிறது என்று கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளர் கட்டாமல் ஓட்டிய தூரமும் வாங்குபவர் தலையில்தான் விழும். நாங்கள் பார்த்தபோது மீட்டர் 6,000 கிலோமீட்டர் முன்னால் ஓடியிருந்தது, அதாவது 456 டாலர். "எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள்" என்றார் விற்றவர். "அப்படியானால் எல்லோரிடமும் விற்றுக்கொள்ளுங்கள்" என்று கிளம்பப் போனேன். முணுமுணுத்துக்கொண்டே அங்கேயே கைப்பேசியில் கட்டினார். ரசீதைப் பார்த்த பிறகுதான் சாவியை வாங்கினேன்.