வாலாஜாவின் வரலாற்றை எழுதியவரைத் தேடி

சேப்பாக்கம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட் மைதானம்தான். அதன் பக்கத்திலேயே ஒரு அரண்மனை இருக்கிறது, அந்த அரண்மனைக்காரருக்காக ஒருவர் உட்கார்ந்து வரலாறு எழுதினார். அவர் பெயர் புர்ஹான் இப்னு ஹசன், ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் அவை வரலாற்றாசிரியர். 1780-களில் பாரசீக மொழியில் அவர் எழுதிய 'துஸக்-இ-வாலாஜாஹி'யைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதில் வரும் ஆட்கள் வாழ்ந்த இடங்களை நடந்தே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போய் இறங்கினேன்.

வாலாஜா சாலைக்கு வந்து எழிலகம் பக்கம் திரும்பினால் மரங்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிகிறது, கலச மஹால். அரண்மனை 1768 வாக்கில் எழுந்தது, கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரண்டு பகுதி. நடுவில் நிற்கும் கோபுரம் நவாப் காலத்தது இல்லை, ஆங்கிலேய அரசின் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் பிறகு சேர்த்தது. 2012 ஜனவரியில் கலச மஹால் தீப்பிடித்து எரிந்தது, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அப்புறம் பொறுமையாகப் புதுப்பித்தார்கள், இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. சுற்றுலா இடம் இல்லை என்பதால் வெளியிலிருந்துதான் பார்த்தேன். வளைவுகளும் ஜன்னல்களும் அழகு, ஒரு மணி நேரம் நின்றாலும் அலுக்காது.

அங்கே நிற்கும்போது எனக்கு முக்கியமாகப் பட்டது புர்ஹான் எழுதிய காலம்தான். 1780-ல் மைசூரின் ஹைதர் அலி படையோடு கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காடு நவாபின் சீமைக்கு அன்று அந்தப் பெயர்) இறங்கினார், அந்த வருடமே ஆற்காடு அவர் கைக்குப் போனது. 1781 டிசம்பரில் நவாப் தன் சீமையின் வரி வருமானத்தையே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. கழுத்து வரை கடன், கடன் கொடுத்தவர்களில் இந்த அரண்மனையைக் கட்டியதாகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்டும் ஒருவர். நாடு பேருக்குத்தான் நவாபுடையது. அப்படிப்பட்ட பத்தாண்டில்தான் ஒரு எழுத்தர் அந்தக் குடும்பத்தின் பெருமையை முதலிலிருந்து எழுதுகிறார்: வம்சம் கலீஃபா உமர் வரை போகிறது, அப்பா அன்வருத்தீன் 1749-ல் ஆம்பூர்ப் போரில் விழுகிறார், மகன் முகமது அலி திருச்சிக் கோட்டையில் முற்றுகையைத் தாங்குகிறார், எதிரி சந்தா சாஹிப் 1752-ல் முடிகிறார், 1761-ல் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி விழுகிறது. அங்கே நிறுத்திவிடுகிறார். ஜெயித்த இடத்தில்! அதற்குப் பிறகு இருபது வருடத்தில் வந்த நிலைமையை, இந்த நூலை எழுதிய காலத்தில் அவர் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் எழுதச் சொன்னவர் நவாப், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அந்த உத்தரவுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

இதை வைத்து 'கூலிக்கு எழுதினவர்தானே' என்று அவரைத் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவை வரலாற்றாசிரியரின் வேலை லேசானது இல்லை. அவருக்கு முன்பே அவைக் கவிஞர் அப்ஜதி 'அன்வர் நாமா' என்று இதே கதையைச் செய்யுளில் பாடியிருந்தார், அதை அடிப்படையாக வைத்து உரைநடையில் சொல்ல வேண்டும். யார் யாரிடம் தூது போனார்கள், எந்தப் பட்டம் எப்போது வந்தது, எந்தக் கோட்டைக்குள் யார் இருந்தார்கள், இதெல்லாம் தர்பாருக்குள் இருந்தவருக்குத்தான் தெரியும். ஆங்கிலேயர் எழுதிய கர்நாடகப் போர் வரலாறுகளில் முகமது அலி கிளைவின் பின்னால் நிற்கும் ஒரு பொம்மை மாதிரி வருவார், புர்ஹானிடம் அவர்தான் கதையின் நடுவில் இருக்கிறார், கம்பெனிக்காரர்கள் உதவிக்கு வந்தவர்கள். இரண்டும் சாய்வுதான், ஆனால் இரண்டாவது சாய்வு நம்மிடம் இல்லாமலே போயிருந்தால் பெரிய நஷ்டம்.

அப்படிப் போகாமல் காப்பாற்றியவர் எஸ். முகமது ஹுசைன் நயினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறையில் இருந்த தமிழர். துஸக்கை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1934-லும் 1939-லும் இரண்டு பாகமாகப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார். அரண்மனையையும் பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது இது இன்னும் நன்றாக உறைக்கிறது. அதே வரிசையில் அவர் மொழிபெயர்த்த இன்னொரு நூல், நவாப் ஆஸம் ஜா 1823-ல் நாகூருக்குப் போன பயணத்தை ஒரு அவை எழுத்தாளர் எழுதியது. பயணக் கட்டுரை பிடித்தவர்கள் அதைக் கட்டாயம் தேடிப் படியுங்கள்.

ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டுவிட்டு (திருவல்லிக்கேணிக்குப் போய் அதை விடக் கூடாது) பெரிய பள்ளிவாசலுக்கு நடந்தேன். 1795-ல் கட்டியது, மரமோ இரும்போ சேர்க்காமல் முழுக்கக் கருங்கல் என்பார்கள். தொழுகை நேரம் இல்லை. வாசலில் இருந்த பெரியவரிடம், "பாய், உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமா வாங்க தம்பி, செருப்ப அங்க விட்ருங்க" என்றார். பள்ளிவாசல் எழுந்த ஆண்டைச் சொல்லும் பாரசீக வரியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதை எழுதிக்கொடுத்தவர் நவாபின் முன்ஷி (அவை எழுத்தர்) ராஜா மக்கன் லால், ஒரு இந்து. 'திக்ருல்லாஹ் அக்பர்' என்ற சொற்களின் எழுத்துகளுக்கு அரபுக் கணக்குப்படி எண் போட்டுக் கூட்டினால் ஆண்டு வரும். அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன்: 920, 66, 223. மொத்தம் 1209. ஹிஜ்ரி 1209 என்றால் நம் கணக்கில் 1794-95. அவை எழுத்தர்கள் எப்படிப்பட்ட கைத்தேர்ச்சி உள்ளவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளைதான் மனதில் ஓடினார். 1709-ல் நம் பெரம்பூரில் பிறந்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), 1736-லிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். அதே போர்கள், அதே சந்தா சாஹிப், அதே முகமது அலி, ஆனால் எதிர்ப் பக்கத்திலிருந்து, யாருடைய உத்தரவும் இல்லாமல், சந்தை விலை முதல் வீட்டுக் கல்யாணம் வரை சேர்த்து. 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது, புர்ஹானின் கதை வந்து நிற்கும் அதே இடம். இருவரையும் பக்கத்தில் வைத்து, ஒரே வருடத்தை இவரிடமும் அவரிடமும் மாற்றி மாற்றிப் படித்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் இரண்டு பத்தியில் முடித்த கர்நாடகப் போர் வேறு மாதிரித் தெரியும்.

அடுத்து திருச்சி போக வேண்டும். வாலாஜாவை அடக்கம் செய்திருப்பது அங்கே நத்தர்வலி தர்காவில். மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், பக்கம்தான்.